திருமலையில் அம்மம்மாவின் விறாந்தை வீடு: இடிச்சு மதில் கட்டவா, திருத்தி இருக்கவா?

கேள்வி: அகிலா

எல்லாருக்கும் வணக்கம். திருமலை (திருகோணமலை) ரவுணுக்குள்ள, வித்தியாலயம் வீதியில இருந்து பிரியிற ஒரு ஒழுங்கையில எங்கட அம்மம்மாவின் வீடு இருக்கு. 38 பேர்ச் வளவு. நாங்கள் பிள்ளைகள் நாலு பேர்: ரெண்டு அண்ணன்மார், நான், தங்கச்சி. அம்மா போன மார்கழியில தவறிட்டா. ஆண்டுத்திவசம் முடியமுதல் ஒரு முடிவெடுக்கவேணும் எண்டு பெரியண்ணா நிக்கிறார்.

வீடு முருகைக்கல்லும் சுண்ணாம்பும். சுவர் ஒண்டரை அடி மொத்தம். பனை வளை, மேல ஓடு. ஒழுங்கைப் பக்கம் முழு நீளத்துக்கும் விறாந்தை, ஆறு மரத்தூண். பின்னால கிணறும் ஒரு வேம்பும். இப்ப பார்க்க வடிவா இல்லை. சுவர் முழுக்க நாலடி உயரத்துக்குப் பூச்சு பொருக்கு பொருக்காக் கழண்டு விழுகுது, கூரை ரெண்டு இடத்தில தாழ்ந்திட்டுது.

அண்ணா கூட்டிவந்த ஆள் ஒரு பிளான் கீறித் தந்திருக்கிறார். எல்லாத்தையும் இடிச்சு, வரிசையா நாலு மாடிவீடு. ஒழுங்கைக்கு ஏழடி மதில், நாலு இரும்புக் கேற், நாலு கார் போர்ச். எங்கள் நாலு பேரில கார் வச்சிருக்கிறது சின்னண்ணா மட்டும்தான். மற்ற எல்லாரும் நடை, சைக்கிள், இல்லாட்டி ஓட்டோ. பஸ் ஸ்ராண்ட், மரக்கறிச் சந்தை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், காளிகோயில், எல்லாம் அந்த வீட்டில இருந்து பத்துப் பதினைஞ்சு நிமிச நடைக்குள்ள இருக்கு.

எனக்கு அந்த விறாந்தையை விட மனமில்லை. அம்மம்மா அதில ஒரு மண்பானையில தண்ணி வச்சிருப்பா. மீன்காரர் சைக்கிளை விறாந்தை விளிம்பில சாத்திப்போட்டுத்தான் விலை சொல்லுவார். மழை வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்காமலே ஏறி நிப்பினம். மூண்டாம் தூணடியில நிலத்தின்ர விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ஞ்சு வழுவழுப்பா இருக்கு, எல்லாரும் அந்த இடத்தில இருந்து இருந்து.

நான் நினைக்கிறது: முன்வீட்டைத் திருத்தி, பின்னால கிணத்தடியைச் சுத்தி சின்னதா ரெண்டு மூண்டு வீடு கட்டி, நாலு குடும்பமும் ஒரே முற்றத்தைப் பாவிக்கிறது. மதில் வேண்டாம். அண்ணா இதை விசர்க்கதை எண்டுறார். அந்தச் சுவர் இனியும் நிக்குமா? விறாந்தையை ஒழுங்கைக்குத் திறந்து வச்சிருக்கிறது இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பதில்: உவர்மலையான்

நான் சிவில் பொறியியல் படிச்சு வேலை செய்யிறவன். ரெண்டு விசயம் மட்டும் சொல்லுறன்.

முதலாவது, இடிக்கமுதல் உங்கட உள்ளூராட்சி சபையில அந்த ஒழுங்கைக்குரிய வீதிக்கோடும் கட்டட எல்லைக்கோடும் எங்க போகுது எண்டு எழுத்தில கேட்டு வாங்குங்கோ. பழைய வீடு ஒழுங்கையை ஒட்டி இருக்கிறது அது அந்தக் காலத்தில கட்டினபடியால். இடிச்சுப்போட்டுப் புதுசா அனுமதி கேட்டால் பொதுவா கோட்டுக்குப் பின்னுக்குத்தான் கட்டவேண்டிவரும். அதாவது அந்த விறாந்தை ஒருக்காப் போனால் அதே இடத்தில திரும்பி வராது. இதை அண்ணாவுக்கு முதல் விளங்கப்படுத்துங்கோ.

மற்றது, "கொங்கிறீற் எண்டா காலத்துக்கும் நிக்கும்" எண்டதைக் கடற்கரை ஊரில அப்பிடியே நம்பாதேங்கோ. உப்புக் காத்தில இருக்கிற குளோரைட் கொங்கிறீற்றுக்குள்ள மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிச்சா ஊதும். ஊதினால் வெளிக் கொங்கிறீற் வெடிச்சு விழும். கம்பிக்கு வெளிய இருக்கிற மூடல் குறைஞ்ச இடத்தில இது சீக்கிரம் நடக்கும். கடற்கரை மண்ணைக் கழுவாமல் கலந்திருந்தால் இன்னும் கெதியா. உங்கட பழைய சுவருக்குள்ள இரும்பே இல்லை, அதால துருப்பிடிக்கவும் ஒண்டுமில்லை. ஆனா பின்னுக்கு மாடி வைக்கிறதெண்டால் கொங்கிறீற் வேணும்தான், கம்பி மூடலைக் கண்ணால பார்த்து அளந்து செய்விக்கவேணும்.

பதில்: சாம்பல்தீவு மேசன்

தங்கச்சி அகிலா, நான் 1974இல அப்பரோட சாந்துச் சட்டி தூக்கப் போன ஆள். அப்ப எனக்குப் பதினைஞ்சு வயசு. இதை என்ர பேத்தி ரைப் பண்ணித் தாறா, பிழை இருந்தால் பொறுங்கோ.

உங்கட சுவர் பழுதாகேல்லை. அதின்ர பூச்சுத்தான் பழுது. முந்தி ஆரோ அந்தச் சுவருக்கு மேல சீமெந்து பூசியிருக்கினம். நாலடிக்குப் பொருக்கு எண்டு நீங்கள் எழுதினதை வாசிச்ச உடன எனக்கு அது பிடிபட்டிட்டுது. ஏனெண்டால் அதே வேலையை நானும் செய்திருக்கிறன். 1996இல டைக் வீதிப் பக்கம் ஒரு வீடு. முழங்காலளவுக்கு ஈரம் இருந்தது. வீட்டுக்கார அம்மா "நல்லாப் பலமாப் பூசிவிடு தம்பி" எண்டா. நானும் சீமெந்து ஒண்டுக்கு மண் நாலு போட்டு வழுவழுப்பாப் பூசிக் குடுத்தன். மூண்டு மாரி போக ஈரம் இடுப்புக்கு ஏறி நிண்டது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினா, ஏசேல்லை. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தது இப்பவும் எனக்குக் கையில நிக்குது. பூச்சுக்குப் பின்னால மாவு மாதிரி வெள்ளை உப்பு, விரலை நாக்கில வச்சால் கரிக்கும்.

நடந்தது இதுதான். சுண்ணாம்புச் சுவர் நிலத்தில இருந்து ஈரத்தைக் குடிக்கும், வெயிலில காத்துக்கு விடும். குடிக்கிறதும் விடுறதுமா அது பாட்டில இருக்கும். சீமெந்தால வாயை அடைச்சால் ஈரம் வெளிய வர வழி தேடி மேல மேல ஏறும். அதோட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால காய்ஞ்சு கட்டியாகி, பூச்சைத் தள்ளி விழுத்தும். நீங்கள் திரும்பவும் சீமெந்து பூசுவீங்கள், திரும்பவும் விழும். கடைசியில "சுவர் உக்கிட்டுது, இடி" எண்டு ஒருத்தர் வந்து சொல்லுவார்.

ஆகையால இப்பிடிச் செய்யுங்கோ. நடுவிரல் முட்டியால சுவரைத் தட்டிப் பாருங்கோ. பொள்ளலாக் கேக்கிற இடமெல்லாம், ஈரம் நிக்கிற மட்டத்துக்கு மேல இன்னும் ஒரு அடி வரைக்கும், சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுங்கோ. எடுத்துப்போட்டு ஒண்டும் பூசாமல் விடுங்கோ. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கச்சான் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கும், அது சும்மா செய்து தாற வேலையை எந்த மருந்தும் செய்யாது. உப்புப் பூத்துப் பூத்து வரும். காய்ஞ்ச தும்புக்கட்டையால தட்டி எடுக்கவேணும். தண்ணி ஊத்திக் கழுவக்கூடாது, கழுவினால் உப்பெல்லாம் திரும்ப உள்ளுக்குப் போயிடும். பிறகு சுண்ணாம்பு ஒண்டு, கழுவின ஆத்துமண் மூண்டு. தண்ணி விட்டு நீத்தின சுண்ணாம்பு ஆகக் குறைஞ்சது ஒரு மாதம் தண்ணிக்குக் கீழ கிடக்கவேணும், அப்பதான் வெண்ணெய் மாதிரி வரும். சுட்ட கல்லை நீத்தேக்க கொதிச்சுத் தெறிக்கும், கண்ணில பட்டால் கண் போயிடும். பிள்ளைகளைக் கிட்ட விடாதேங்கோ. மூண்டு தரமா மெல்லிசாப் பூசி, ஒவ்வொரு தரமும் நனைச்ச சாக்குப் போட்டு ஈரமா வச்சிருங்கோ. அவசரப்படுற மேசன் வேண்டாம். அதுக்கு மேல வெள்ளையடிக்கிறது சுண்ணாம்பாலதான், பளபளப்புப் பெயின்ற் அடிச்சால் திரும்பவும் வாயை அடைச்ச மாதிரி.

முந்தி முருகைக்கல்லைக் கடலில இருந்து உடைச்சுச் சூளையில சுட்டவை. இப்ப அது சட்டப்படி தடை, தடை செய்தது நல்லது, கரையை அந்தக் கல்லுத்தான் காக்குது. சுண்ணாம்பு மலைநாட்டுப் பக்கத்தில இருந்து வரும். புதுசா எண்டு பார்த்து வாங்குங்கோ, காத்துப்பட்ட பழைய பை உதவாது.

கூரைக்கு: தாழ்ந்த ரெண்டு இடத்திலயும் வளையின்ர நுனி சுவரில குந்துற இடத்தைப் பாருங்கோ. கறையான் அங்கதான் பிடிக்கும். வைரம் ஏறின பனை நடுவில ஒண்டும் ஆகியிராது. பழுதான வளையை மட்டும் ஒவ்வொண்டாக் கழட்டி மாத்தலாம். அப்பர் புரட்டாதியில வீடு வீடாப் போய் உடைஞ்ச ஓட்டை மாத்துவார், ஒரு வீட்டுக்குப் பதினைஞ்சு இருபது ஓடு வரும். மாரி தொடங்கமுதல் அந்த வேலை முடிஞ்சிடும். அவ்வளவுதான் அந்த வீட்டுக்கு வருசச் செலவு.

இனி விறாந்தை. இதை நான் கொஞ்சம் கூட எழுதுவன்.

ஒரு அளவுநாடா எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கோ. ஒழுங்கை மட்டத்தில இருந்து உங்கட விறாந்தை நிலம் ஒண்டரை அடிக்குக் கிட்டத்தான் இருக்கும். அந்தக் காலத்து வேலைகாரர் சும்மா வைக்கேல்லை. ஒண்டரை அடி எண்டால் தெருவில வாற ஆள் செருப்புக் கழட்டாமல், ஏறாமல், விளிம்பில அப்பிடியே இருக்கலாம். மீன்காரரும் அதாலதான் அங்க நிண்டவர். இன்னொண்டு: விறாந்தையில கதிரை போட்டு இருக்கிற ஆளின்ர கண்ணும் ஒழுங்கையில நடந்து போற ஆளின்ர கண்ணும் ஒரே மட்டத்தில வரும். அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, குனிஞ்சு பார்க்கத் தேவையில்லை. "எங்கால போறியள்?" எண்டு கேக்கிறது அதால சுகமா வரும். தாழ்வாரம் ஏழடிக்கு இறங்கியிருக்கும், மாரிக்காலத்துச் சாய்ஞ்ச மழை கதவடிக்கு வராது.

வெயிலையும் பாருங்கோ. எங்கட ஊரில வருசத்தில ரெண்டு முறை சூரியன் நடு உச்சியில நிக்கும், ஏப்ரல் 12 அளவில ஒருக்கா, ஓகஸ்ட் 30 அளவில ஒருக்கா. இடையில இருக்கிற நாலரை மாசமும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கத்தில. அந்த நேரம்தான் சூடும் கூட. அதால திருமலையில வடக்குச் சுவருக்கும் நிழல் வேணும், தெற்குச் சுவருக்கும் நிழல் வேணும். புதுப் பிளானில யன்னலுக்கு மேல ஒரு அடிக்கு நீட்டிக்கொண்டு இருக்கிற பலகையை நம்பி வீடு கட்டினால் பிறகு ஏசி பூட்டத்தான் வேணும். ஆறடி விறாந்தை சுவரையும் காக்குது, ஒழுங்கையில நடக்கிற ஆளுக்கும் ஒரு கரை நிழல் குடுக்குது.

மதில் கட்டினால் என்ன நடக்கும் எண்டு கேட்டால், உங்கட ஒழுங்கையிலயே மதில் கட்டின பக்கமா மத்தியானம் ஒருக்கா நடந்து பாருங்கோ. சீமெந்து மதில் பின்னேர வெயிலைக் குடிச்சு இரவு எட்டு மணி மட்டும் அனல் விடும். அந்தப் பக்கம் ஆரும் நிண்டு கதைக்கமாட்டினம். பத்து நிமிச நடை எண்டு நீங்கள் எழுதினீங்கள், அந்தப் பத்து நிமிசத்தில ரெண்டு பக்கமும் மதிலெண்டால் பிள்ளையை ஓட்டோவிலதான் அனுப்புவீங்கள்.

கணக்கும் சொல்லுறன். 38 பேர்ச் எண்டால் 10,300 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. நாலு கார் போர்ச், ஒண்டு பத்துக்குப் பதினாறு எண்டு வச்சால் 640 சதுர அடி, மூண்டு பேருக்குக் காரே இல்லை. அந்த இடத்தில கிணத்தடி முற்றம் வரும். ஒரு ஓரத்தில ஒரு காருக்கும் ஒரு ஓட்டோவுக்கும் இடம் விடுங்கோ, காணும். பின் வீடுகளின்ர வாசல் எல்லாம் முற்றத்தைப் பார்க்கட்டும், வேம்பை வெட்டாதேங்கோ.

பதில்: பாலையூற்று வாசி

மேசன் ஐயா எழுதினது எல்லாம் வாசிக்க நல்லா இருக்கு. ஆனா நான் அகிலாவின் அண்ணாவோட நிக்கிறன். எங்கட வீட்டிலயும் திறந்த விறாந்தைதான் இருந்தது. சண்டைக் காலத்தில ஒரு இரவு வெளியில பூட்ஸ் சத்தம் கேட்டு, நாங்கள் அஞ்சு பேரும் விளக்கை நூத்துப்போட்டுக் குசினிக்குள்ள விடியுமட்டும் குந்தியிருந்தம். அடுத்த மாதமே அப்பா தங்கச்சியின்ர சங்கிலியை அடகு வச்சு மதில் எழுப்பினார். ஊரில மதில் வந்தது பயத்தால. அந்தப் பயம் முழுக்கப் போட்டுது எண்டு நான் சொல்லமாட்டன். இப்ப மோட்டார் சைக்கிள் புழுதி, இரவில வெறிகாரர். நாலு குடும்பத்துப் பெண்பிள்ளைகள் இருக்கிற வளவு.

முற்றம் நல்லதுதான். கட்டடக்கலைஞர் ஜெப்றி பாவா 1960களின் தொடக்கத்தில கொழும்பில ஈனா டி சில்வாவுக்குக் கட்டின வீடும் முற்றத்தைச் சுத்தித்தான் இருந்தது. ஆனா அது உள்ளுக்குப் பார்க்கிற வீடு, தெருவுக்குச் சுவர்தான். அந்த வீட்டைப் பிறகு கழட்டிக் கொண்டுபோய் பாவாவின்ர லுணுகங்கைத் தோட்டத்தில திரும்ப எழுப்பி வச்சிருக்கினம். அவ்வளவு மதிப்பான வீட்டுக்கே சுவர் இருந்தது.

பதில்: சாம்பல்தீவு மேசன்

தம்பி, நீர் சொன்ன இரவு எங்களுக்கும் இருந்தது. அதை மறுத்துக் கதைக்க எனக்கு வாய் வராது. உம்மட அப்பா செய்தது சரி.

ஒண்டு மட்டும் கேளும். மதிலுக்கு வெளியில என்ன நடக்குது எண்டு உள்ளுக்கு இருக்கிற ஆளுக்குத் தெரியாது, உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு அயலுக்கும் தெரியாது. கள்ளன் மதில் ஏறிக் குதிச்சால் பிறகு அவனுக்கும் அது மறைப்பு. விறாந்தையில ஒரு கிழவி இருந்தால் அந்த ஒழுங்கையில ஆர் புதுசா வந்தது எண்டு முழு ஒழுங்கைக்கும் தெரியும். பூட்டு வேணும் எண்டால் விறாந்தைக்கும் அறைக்கும் இடையில கதவில போடுங்கோ. தூணுக்கு இடையில இடுப்பளவுக்கு மரக்கிறாதி வைக்கலாம், இரவில மேல்பாதியையும் மூடுற மாதிரிச் செய்யலாம். பழைய வீடுகளில நான் அப்பிடிப் பூட்டிக் குடுத்திருக்கிறன்.

பதில்: பருத்தித்துறைப் பிள்ளை

மதிலா, திறந்த வாசலா எண்டு ரெண்டிலயும் நிக்காமல் ஒரு நடுவழி எங்கட பக்கத்தில இருந்தது, சங்கடப்படலை. வேலியோ மதிலோ இருக்கட்டும், படலைக்கு மேல மட்டும் ஒரு சின்னக் கூரை, ரெண்டு பக்கமும் திண்ணை. உள்ளுக்கு வீட்டின்ர மறைப்புக் கெடாது, வெளியில வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஆளுக்கு இடம். குடிக்கத் தண்ணியும் வைப்பினம். பருத்தித்துறை தும்பளையில ஒரு தெருமூடிமடம் இருக்கு. கல்லால கட்டின திண்ணையும் தூணும் தெருவுக்கு ரெண்டு பக்கமும், கூரை தெருவையே மூடி நிக்கும். தெருவால போற ஆள் மடத்துக்கு உள்ளால போவார். நடந்து போற ஆளுக்கெண்டே சுமைதாங்கியும் கேணியும் மடமும் கட்டின ஆக்கள் எங்கட ஆக்கள். அகிலா அக்கா, வளவின்ர பக்கத்து வாசலுக்கு ஒரு சங்கடப்படலை வைக்கலாமே. அண்ணாவுக்கு ஒரு படலை பூட்டின மாதிரி, உங்களுக்கு ஒரு திண்ணை கிடைச்ச மாதிரி.

பதில்: டோர்செற்றில் ஒரு திருமலையாள்

நான் இருக்கிறது இங்கிலாந்தில டோர்செஸ்ரர் பக்கம். பத்து நிமிசத்தில பவுண்ட்பரி. 1993இல கட்டத் தொடங்கின புதுக் குடியிருப்பு, லியோன் கிரியே எண்ட லக்சம்பேர்க் கட்டடக்கலைஞர் திட்டம் கீறினது. நிலம் கோர்ன்வால் டச்சி எண்ட அரச குடும்பத்து ஆதனத்துக்குச் சொந்தம், அதாவது அப்ப இளவரசரா இருந்த சார்ள்ஸின்ர பொறுப்பில. பழைய ஊர் மாதிரியே கட்டவேணும் எண்டு அவர் நிண்டவர். வீடுகள் நடைபாதையை ஒட்டி நிக்கும், தெருக்கள் வளைஞ்சு போறதால வாகனம் தானா மெதுவாகும். வீட்டுக்குப் பக்கத்திலயே கடை, கந்தோர், சொக்கலேற் செய்யிற தொழிற்சாலை. வாடகைக்கும் குறைஞ்ச விலைக்குமான வீடுகளை ஒரு மூலையில ஒதுக்காமல் மற்ற வீடுகளுக்கு இடையில கலந்து வச்சிருக்கினம்.

இதைப் பொய்யான பழமை எண்டு கனபேர் ஏசினவை. காரும் அங்க குறையேல்லை, முற்றங்களில நிறைஞ்சு நிக்குது. எண்டாலும் சனிக்கிழமைகளில நான் அங்க நடக்கப் போறன், என்ர தெருவில நடக்கிறதில்லை. முதல்முறை போனபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கட ரவுண். கோட்டை வாசலில இருந்து உட்துறைமுகம் வரைக்கும் வெயில் தாழ நடந்து போகலாம், வழியில நாலு பேரோட கதைக்கலாம். இங்க ஒரு ஊரைப் புதுசா உண்டாக்கி அந்த நடையைக் கொண்டுவரப் பார்க்கினம். அகிலா, உங்கட ஒழுங்கையில அது இன்னும் இருக்கு.

கேள்வி கேட்டவர்: அகிலா

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. நேற்றுப் பின்னேரம் பெரியண்ணாவைக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு பேருமா அளந்தம். விறாந்தை ஒரு அடி ஐந்தரை அங்குலம். அகலம் ஆறடி ரெண்டு அங்குலம். அண்ணா சுவரை முட்டியால தட்டிக்கொண்டே போனார், பொள்ளல் சத்தம் விறாந்தை மூலையில இருந்து சாமியறை வரைக்கும் கேட்டுது. ஒரு துண்டு தானா விழுந்தது. பின்னால உப்பு, அதுக்குப் பின்னால கல்லு அப்பிடியே இறுக்கமா இருக்கு. அண்ணா விரலை நாக்கில வச்சுப் பார்த்திட்டு ஒண்டும் சொல்லேல்லை.

முடிவு இன்னும் வரேல்லை. ஆனா இந்த வைகாசிக்கு முதல் பூச்சைக் கொத்தி எடுத்து, ஆவணி மட்டும் சுவரைக் காய விடுறதுக்குச் சம்மதிச்சிட்டார். சபைக்குக் கடிதம் எழுதியாச்சு. பாலையூற்றுத் தம்பி சொன்னதைத் தங்கச்சியும் சொன்னா, அவவுக்கு ரெண்டு பெண்பிள்ளைகள். அதால கிறாதியும் பக்கத்து வாசலுக்குச் சங்கடப்படலையும் வைக்கிற மாதிரி ஒரு படம் கீறத் தொடங்கியிருக்கிறன்.

மேசன் ஐயா, ஒரு கேள்வி. மூண்டாம் தூணடியில தேய்ஞ்ச அந்த விளிம்பு. சிவப்புச் சீமெந்து நிலம் திருத்தேக்க வேலைகாரர் அதையும் சேர்த்து மட்டமாப் பூசிவிடுவினம் எண்டு பயமா இருக்கு. அதை மட்டும் தொடாமல் விட்டு மற்றதைத் திருத்த ஏலுமா?

பதில்: சாம்பல்தீவு மேசன்

ஏலும் பிள்ளை. அந்த ஒரு சாணையும் சுத்தி மெல்லிசா ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுக்கு வெளியால மட்டும் புதுசா ஊத்தலாம். நான் இப்ப சட்டி தூக்கிறதில்லை. எண்டாலும் நிலம் ஊத்துற அண்டைக்குச் சொல்லியனுப்புங்கோ, காலமை பஸ்ஸில வாறன். அந்த வெட்டை நானே போடுறன்.